கூண்டில் ஏறியவர்களே கதாநாயகர்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்தில் 'ஜெய் பீம்' படத்தைத் திரையிட்டோம். திரை என்று தனியாக ஒன்றும் இல்லை. காலனி சமுதாயக்கூடத்துச் சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, கடனுக்கு வாங்கிவந்த புரொஜெக்டரை ஸ்டூலில் வைத்து ஓட்டினோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் கல்லூரி மாணவர்கள் வரை உட்கார்ந்திருந்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போய்வந்த அம்மாக்களும் சோறாக்கி வைத்துவிட்டு வந்து கடைசி வரிசையில் அமர்ந்துகொண்டார்கள்.

நீதிமன்றக் காட்சிகளில் கைத்தட்டல் அதிர்ந்தது. லாக்கப் காட்சிகளில் ஒரு சத்தமும் இல்லை. படம் முடிந்து விளக்கைப் போட்டபோது, பதினொன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவி எழுந்து கேட்டாள். "அண்ணா, வக்கீலோட பேரு நிஜத்துலயும் சந்துருதான்னு சொன்னீங்க. செங்கேணியோட நிஜப் பேரு என்னங்கண்ணா?"

"பார்வதி" என்றோம்.

கடைசி வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி சொன்னார். "நல்லா இருக்குடா. இம்மாம் நேரம் பேரு தெரியாத பொம்பளைக்கா அழுதுக்கிட்டு இருந்தோம்?"

அந்த ஒரு கேள்விதான் இந்தக் கட்டுரை. படம் பார்த்த பல லட்சம் பேரில் வழக்கறிஞரின் பெயர் தெரியாதவர் இருக்க மாட்டார். அவராக நடித்தவரின் பெயரோ சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த வழக்கு எவருடைய பிடிவாதத்தால் பிறந்ததோ, அந்தப் பெண்ணின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுவோம். ஆண்டு 1993. விருத்தாசலம் பக்கம் முதனை கிராமம். ராஜாக்கண்ணு என்ற கூலித் தொழிலாளியை நகைத் திருட்டுப் புகார் ஒன்றுக்காகக் கம்மாபுரம் காவல் நிலையத்துப் போலீசார் பிடித்துப் போகிறார்கள். அவருடைய உறவினர்களும் அடிபடுகிறார்கள். அவர் மனைவி பார்வதி, கணவர் அடிக்கப்படுவதைத் தன் கண்ணால் பார்க்கிறார். பிறகு போலீஸ் தரப்பு ஒரே வரியில் கதையை முடிக்கப் பார்க்கிறது: ஆள் தப்பி ஓடிவிட்டான்.

தப்பி ஓடியதாகச் சொல்லப்பட்டவரின் உடல், மாவட்ட எல்லைக்கு அப்பால் மீன்சுருட்டிப் பக்கம் அடையாளம் தெரியாத பிணமாகக் கிடந்தது பின்னால்தான் வெளியே வந்தது. இடையில் பார்வதி என்ன செய்தார்? தேடினார். காவல் நிலையத்துக்கும் அதிகாரிகளின் அலுவலகங்களுக்கும் நடந்தார். உள்ளூர் மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்கள் கூட நின்றார்கள். கடைசியில் வழக்கறிஞர் சந்துரு மூலம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. காணாமல் போனவரை நீதிபதிகள் முன் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்கும் மனு அது. பணத்தை வாங்கிக்கொண்டு வழக்கை விட்டுவிடச் சொன்னபோது பார்வதி மறுத்தார் என்பதும் செய்திகளில் பதிவாகியிருக்கிறது. போலீசாருக்கு எதிராக உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது ஆண்டு 2006. பதின்மூன்று ஆண்டுகள்.

திரையில் இது இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. சினிமா அப்படித்தான் செய்ய முடியும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. த.செ.ஞானவேல் இயக்கத்தில் 2021 நவம்பர் 2-ஆம் தேதி ஓடிடியில் வெளியான இந்தப் படம், தமிழ்ச் சினிமா அதுவரை கண்ணெடுத்தும் பார்க்காத இடங்களைப் பார்த்தது. தொடக்கக் காட்சியை நினைத்துப் பாருங்கள். சிறைவாசலில் விடுதலையாகி வருகிறவர்களை நிறுத்திச் சாதி கேட்கிறார்கள். சிலரைப் போகச் சொல்கிறார்கள். சிலரைத் தனியே ஒதுக்கி, முடியாமல் கிடக்கும் வழக்குகளைத் தலையில் கட்ட மறுபடியும் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். நம் சேரிகளிலும் இருளர், குறவர் குடியிருப்புகளிலும் இருப்பவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. 'சந்தேகக் கேஸ்' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.

லிஜோமோள் ஜோஸ் நடித்த செங்கேணி, தன்னை வீட்டில் இறக்கிவிடக் கெஞ்சும் போலீஸ் ஜீப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடக்கும் காட்சி இன்னொன்று. எங்கள் கூடத்தில் அம்மாக்கள் கைத்தட்டியது அதற்கு மட்டும்தான்.

ஆக, படத்தைக் கொண்டாடுவதில் நமக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அது விட்டுவிட்ட இரண்டு விஷயங்களைப் பேசியாக வேண்டும்.

முதலாவது, சாதி. படத்தில் ராஜாக்கண்ணு இருளர். நிஜத்தில் அவர் குறவர் சமூகத்தவர். இருளர் மீதான கொடுமைகளும் உண்மைதான், படம் அவற்றைச் சேர்த்துச் சொல்ல நினைத்திருக்கலாம். என்றாலும் குறவர் என்ற பெயர் மறையும்போது அதோடு ஒரு வரலாறும் மறைந்துபோகிறது. 1871-இல் ஆங்கிலேயர் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் அது நடைமுறைக்கு வந்தது. பிறக்கும்போதே குற்றவாளி என்று முத்திரை குத்தப்பட்ட சமூகங்களில் குறவர்களும் உண்டு. சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுவதும் 1952-இலும் அந்தச் சட்டம் ஒழிந்தது. காவல் நிலையங்களின் மனத்திலிருந்து அது ஒழியவில்லை என்பதற்கு 1993 சாட்சி.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 'குறவன், சித்தனார்' பட்டியல் சாதிகளில் இருக்கிறார்கள். 'மலைக்குறவன்' பழங்குடிப் பட்டியலில் இருக்கிறது. குறவர்களின் இன்னும் பல பிரிவுகள் சீர்மரபினர் பட்டியலில் இருக்கின்றன. நரிக்குறவர்கள் பழங்குடிப் பட்டியலுக்கு வந்ததே 2023-இல்தான். எந்தச் சான்றிதழ் கையில் இருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்குக் காவலாக வரும். பட்டியல் சாதி, பழங்குடிச் சான்று உள்ளவருக்கு அந்தச் சட்டம் உண்டு. சீர்மரபினர் சான்று உள்ளவருக்கு இல்லை. லத்தி இருவர் மீதும் ஒரே மாதிரிதான் விழுகிறது. சான்றிதழ் கேட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்கிறவர்கள் சலுகைக்காக அலைகிறார்கள் என்று கேலி பேசுவோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தாள் சில வேளைகளில் உயிருக்கான காவல்.

இரண்டாவது, நாயகன் யார் என்ற கேள்வி. வழக்கறிஞரின் திறமையையும் நேர்மையையும் குறைத்துச் சொல்வது நம் நோக்கமல்ல. காசு வாங்காமல் இப்படிப்பட்ட வழக்குகளை நடத்தியவர் அவர். ஆனால் வழக்கறிஞர் எவ்வளவு பெரியவரானாலும், அவர் கையில் ஒரு சாட்சி இருந்தால்தான் வழக்கு நிற்கும். "நான் பார்த்தேன், என் கண் முன்னால் அடித்தார்கள்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அதைச் சொல்லிவிட்டு அவர் அதே ஊருக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். வழக்கறிஞர் கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். சாட்சியால் தன் முகத்தைக் கழற்றி வைக்க முடியாது.

படத்திலேயே கேரளத்து ராஜன் வழக்கு பேசப்படுகிறது. அவசரநிலைக் காலத்தில், 1976 மார்ச்சில், கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீஸ் கொண்டுபோனது. திரும்பி வரவில்லை. அவருடைய தந்தை ஈச்சர வாரியர் கல்லூரியில் இந்தி கற்பித்தவர். மகனைத் தேடி அலைந்து 1977-இல் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். அந்த வழக்கின் விளைவாக அப்போதைய முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. மகனின் உடல்கூடக் கிடைக்காத ஒரு தகப்பனின் பிடிவாதம், பதினாறு ஆண்டுகள் கழித்து முதனையின் ஒரு குடிசைப் பெண்ணுக்கு வழிகாட்டியாக வந்து சேர்ந்தது. ஒரு சாட்சியின் துணிச்சல் இன்னொரு சாட்சிக்கு ஊன்றுகோலாகும் விதம் இது.

நம் மாநிலத்திலேயே பாருங்கள். 1992 ஜூன் 20-ஆம் தேதி தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் மலைவாழ் மக்கள் மீது வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து நடத்திய கொடுமை. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பர் 29-ஆம் தேதி தீர்ப்பு வந்தபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள், மீதி 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29-இல். சம்பவம் நடந்தபோது சிறுமியாக இருந்தவர்கள் நடுவயதைத் தொட்டுவிட்டார்கள். முப்பத்தோரு ஆண்டுகள் அந்த மக்கள் சொன்ன சொல்லில் நின்றார்கள். சீருடை போட்ட ஆட்களை வரிசையில் நிறுத்தி அடையாளம் காட்டச் சொன்னபோது கை நீட்டிய பெண்களை விடவா ஒரு கதாநாயகர் நமக்கு வேண்டும்?

2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் அடித்துச் சிதைக்கப்பட்டார்கள். அங்கே பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி, விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் தான் கண்டதைச் சொன்னார். விடிய விடிய அடித்ததைச் சொன்னார். லத்தியிலும் மேசையிலும் இரத்தக் கறை இருந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட முதலில் தயங்கினார். அந்தத் தயக்கத்தையும் நாம் மதிக்க வேண்டும். பயமே இல்லாதவர் சொல்வது வேறு. பயந்து நடுங்கிக்கொண்டே உண்மையைச் சொல்கிறாரே, அந்தத் துணிச்சலுக்கு எடை அதிகம்.

2025 ஜூனில் திருப்புவனம் பக்கம் மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் இறந்தார். அங்கும் நகைத் திருட்டுப் புகார்தான், அங்கும் அடிதான். 1993-ஐ அச்செடுத்த மாதிரி இருந்தது. ஒரே ஒரு வேறுபாடு. மறைந்திருந்து ஒருவர் செல்பேசியில் எடுத்த காணொளி வெளியே வந்துவிட்டது. 'ஆள் தப்பி ஓடிவிட்டான்' என்பது போன்ற கதை இம்முறை எடுபடவில்லை. ஆனால் அந்தக் காணொளியை எடுத்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டியிருந்தது? தன் உயிருக்குப் பாதுகாப்புக் கேட்க வேண்டியிருந்தது.

இங்கேதான் எங்கள் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஒன்றியத்தில் ஒரு வன்கொடுமை வழக்கு நடந்தது. சம்பவத்தை நேரில் கண்ட முக்கியச் சாட்சி ஓர் அம்மா. செங்கல் சூளையில் கல் சுமப்பவர். காவல் நிலையத்தில் ஒளிவு மறைவில்லாமல் வாக்குமூலம் கொடுத்தார். நாங்கள் அவரைப் பாராட்டிக் கூட்டத்தில் பேசினோம், துண்டும் போர்த்தினோம். அதன் பிறகு வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. நாங்கள் அடுத்த பிரச்சினைக்குப் போய்விட்டோம்.

அந்த அம்மா வாய்தாவுக்கு வாய்தா போனார். இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். போன நாளெல்லாம் கூலி போச்சு. ஒரு நாள் நீதிபதி விடுப்பு. ஒரு நாள் எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை. ஒரு நாள் கூப்பிடவே இல்லை. ஊரிலோ மாவு மில்லில் அவருக்கு அரைக்க மறுத்தார்கள். வாங்கிய கைமாற்றை உடனே திருப்பித் தரச் சொன்னார்கள். மகனுக்கு வேலை கொடுத்தவர் "நாளையிலிருந்து வராதே" என்றார். பதினொரு வாய்தா முடிந்து பன்னிரண்டாவது வாய்தாவில் கூண்டில் ஏறிய அந்த அம்மா, "நான் எதையும் பாக்கலீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். பிறழ்சாட்சி என்று எழுதிக்கொண்டார்கள். வழக்கு விழுந்தது.

நாங்கள் கோபத்தோடு அவர் வீட்டுக்குப் போனோம். அவர் எங்களை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டார். "பதினோரு தடவை போனேனே தம்பி, அப்பல்லாம் நீங்க எங்க இருந்தீங்க?"

பதில் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. இன்றைக்கும் இல்லை.

அன்று எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதும், அவருக்கு நாங்கள் சொல்லியிருக்க வேண்டியதும் இவைதான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. 2015-இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடப்பில் இருக்கும் 15-ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் உள்ள உரிமைகளைச் சொல்கிறது. மிரட்டலிலிருந்து பாதுகாப்பு, விசாரணைக் காலத்தில் பயணச் செலவும் பராமரிப்புச் செலவும், தேவைப்பட்டால் வேறு இடத்தில் குடியமர்த்தல் எல்லாம் அதில் உண்டு. 1995-ஆம் ஆண்டு விதிகளில் 11-ஆவது விதி இன்னும் தெளிவு. விசாரணைக்கும் வழக்குக்கும் வந்து போகும் சாட்சிக்குப் பேருந்து, ரயில் கட்டணம் தர வேண்டும். அன்றாடச் செலவுக்குக் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத படியும் தர வேண்டும். இதைக் கேட்டு வாங்குவது பிச்சை இல்லை. சட்டம் தந்த உரிமை.

17-ஆவது விதிப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அது கூட வேண்டும். அந்தக் கூட்டத்தில் எத்தனை வழக்கு, எவ்வளவு நிவாரணம் என்று பேசுவதோடு, எத்தனை சாட்சிகளுக்குப் படி கொடுத்தீர்கள், எத்தனை பேர் பாதுகாப்புக் கேட்டார்கள், எத்தனை பேர் பிறழ்ந்தார்கள், ஏன் பிறழ்ந்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். நம் மாவட்டக் குழு உறுப்பினர்களிடம் நாம் வைக்கும் கோரிக்கை இது. தகவல் உரிமைச் சட்டத்தில் இந்தக் கேள்விகளை மாணவர்களே எழுதிப் போடலாம். கட்டணம் பத்து ரூபாய்தான்.

எல்லா வழக்குகளுக்கும் பொதுவாகச் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. மாநில அரசுகள் இப்படியொரு திட்டத்தை அறிவிக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 398-ஆவது பிரிவும் சொல்கிறது. சட்டத்துக்குப் பஞ்சமில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு சாட்சியின் பக்கத்தில் நிற்கும் ஆளுக்குத்தான் பஞ்சம்.

'ஜெய் பீம்' வந்த நாட்களில் நடந்ததையும் நினைத்துப் பார்க்கலாம். ஒரு காட்சியில் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பற்றி மாநிலமே வாரக்கணக்கில் சண்டை போட்டது. அந்தக் காட்சி மாற்றப்பட்ட பிறகும் சண்டை ஓயவில்லை. கதைக்கு உரிய பெண் எப்படி வாழ்கிறார் என்ற கேள்வி அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் எழுந்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த கே.பாலகிருஷ்ணன் கடிதம் எழுதினார். நடிகர் சூர்யா பார்வதியின் பெயரில் பத்து லட்சம் ரூபாய் வைப்புத் தொகை போட்டு, வட்டி மாதாமாதம் அவருக்குச் சேர ஏற்பாடு செய்வதாக அறிவித்தார். நல்ல காரியம், மனதாரப் பாராட்டுவோம். ஆனால் ஒரு படம் வெற்றி பெற்றதால்தான் ஒரு சாட்சியின் அடுப்பு எரியும் என்றால், படமாகாத வழக்குகளில் நின்றவர்களின் அடுப்பை யார் பார்ப்பது?

அதனால் மாணவர்களிடம் கேட்டுக்கொள்கிறோம். இப்படிப்பட்ட படங்களைப் பாருங்கள், கைத்தட்டுங்கள். பார்த்த பிறகு அந்த நிஜ வழக்கைத் தேடிப் படியுங்கள். உங்கள் தாலுகாவில் நிலுவையில் இருக்கும் வன்கொடுமை வழக்குகள் எவை, சாட்சிகள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். சட்டம் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் 11-ஆவது விதியின் படிக்கான விண்ணப்பத்தை எழுதிக் கொடுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்பது இன்னும் எளியது. சாட்சி சொன்னவர் வீட்டுக்கு மாவு அரைத்துக் கொடுங்கள். அவர் பிள்ளைக்கு வேலை பாருங்கள். எதிரே வந்தால் முகம் கொடுத்துப் பேசுங்கள்.

எங்கள் மையத்தில் அன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறோம். சுற்றுவட்டார வழக்குகளின் வாய்தா தேதிகளை அதில் குறித்து வருகிறோம். ஒவ்வொரு தேதிக்கு நேராகவும், சாட்சியோடு கூடப் போகிறவர் யார் என்று எழுத ஒரு கட்டம் விட்டிருக்கிறோம். சில கட்டங்களில் பெயர் இருக்கிறது. பல கட்டங்கள் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன. உங்கள் ஊரிலும் அப்படி ஒரு நோட்டைப் போடுங்கள். அடுத்த வாய்தாவுக்கு எந்த அம்மாவும் தனியாகப் பேருந்து ஏற வேண்டாம்.